‘ஓரினம்’ என்ற சொல் செய்யும் பிழை

சென்ற பருவத்தில் மாணவர்களுடன் சிறுமலைக்குச் சென்றிருந்தேன். 18 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் மென்மையான பேச்சுடைய ஒரு மாணவனை ‘ஒன்பது’ என்று அழைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். அதட்டினேன். ஆனால் அதட்டுவதற்கு எனக்கு என்ன தகுதி? காந்தவியல் பாடத்தில், “ஒத்த துருவங்கள் விலக்கும், வேறு துருவங்கள் ஈர்க்கும், மனிதருக்கும் இதுவே இயற்கை விதி” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான்.

அது இயற்பியலே அன்று. புவியீர்ப்பை எண்ணிப் பாருங்கள். நிறை நிறையை ஈர்க்கிறது. அங்கே வேற்றுத் துருவம் எங்கே இருக்கிறது? காந்தத்தைச் சாட்சிக்கு அழைத்தால் நியூட்டனின் ஆப்பிள் எதிர்ச்சாட்சி சொல்லும். உண்மையில் இரண்டுமே மனித மனத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். நம் நாளிதழ்கள் நெடுங்காலமாக ‘ஓரினச்சேர்க்கை’ என்று எழுதி வருகின்றன. உயிரியலில் சிற்றினம், பேரினம் என்று படித்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் ஆணும் பெண்ணும் ஒரே இனந்தான். ஊரில் நடக்கும் திருமணங்கள் அனைத்தும் ‘ஓரின’ மணங்களே! ‘சேர்க்கை’யோ இன்னும் மோசம். ஒருவரின் உள்ளத்து நாட்டத்தை அது வெறும் செயலாகச் சுருக்கிவிடுகிறது. யாரையும் தொடாத, தன் மனத்தை யாரிடமும் சொல்லாத மாணவனை இச்சொல்லால் எப்படிக் குறிப்பது?

மேலைநாட்டுச் சொல்லின் வரலாறும் கோணல்தான். ‘ஹோமோசெக்ஷுவல்’ என்பதை 1869இல் அச்சேற்றியவர் ஹங்கேரிய எழுத்தாளர் கெர்ட்பெனி. பிரஷ்ய நாட்டுத் தண்டனைச் சட்டத்தை எதிர்த்த துண்டு நூலில், இகழ்ச்சியற்ற சொல்லாகவே அதை ஆண்டார். இதிலுள்ள ‘ஹோமோ’ ‘ஒத்த’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ என்பதில் வரும் இலத்தீன் ‘மனிதன்’ அன்று. பின்னர் மருத்துவர்கள் அச்சொல்லை நோயின் பெயராக்கினர். உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து அதை நீக்க 1990 வரை ஆயிற்று.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். எதிர்பால் நாட்டத்தைக் குறிக்கும் ‘ஹெட்டிரோசெக்ஷுவல்’ என்ற சொல்லுக்கும் 1923ஆம் ஆண்டு மெரியம்–வெப்ஸ்டர் அகராதி நோயுற்ற வேட்கை என்றே பொருள் தந்தது. 1934இல்தான் இன்றைய பொருள் வந்தது. பதினோர் ஆண்டுகள் பெரும்பான்மையோரும் அகராதியில் நோயாளிகளே!

நம் மாநிலத்திலும் சொல் மாறியிருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உளவியலாளரிடம் கற்றறிந்த பின்னரே 2021இல் தீர்ப்பு எழுதினார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு மதிப்பான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஆயினும் ‘திருநங்கை’யையும் தன்பால் நாட்டமுடையவரையும் ஒன்றெனக் குழப்புவோர் இன்றும் பலர். முன்னது ஒருவர் தம்மை எப்பாலினராக உணர்கிறார் என்பது. பின்னது அவர் மனம் யாரை நாடுகிறது என்பது.

இப்போது வழங்கும் ‘தன்பாலீர்ப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது. செயலை விட்டு நாட்டத்தைச் சொல்கிறது. ‘ஈர்ப்பு’ எங்கள் பாடத்துச் சொல் என்ற தற்பெருமையும் உண்டு. வரும் பருவத்தில் மீண்டும் காந்தவியல் எடுக்கப் போகிறேன். பழைய உவமையைச் சொல்லி, அது எங்கே தவறு என்று மாணவர்களையே கேட்கலாம் என்றிருக்கிறேன்.