ஊர் என்னும் சுயநலம்

பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றி நம்மிடம் ஏராளமான கதைகள் சேர்ந்துவிட்டன. சிறுகதைகள், முகநூல் பதிவுகள், குறும்படங்கள், வாட்ஸப்பில் கைமாறி வந்த நெகிழ்ச்சிக் குறிப்புகள். நான் வாசித்தவரை அவற்றில் இரண்டு மனிதர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஒருவர் முகக்கவசத்தையும் மளிகையையும் பதுக்கி வைப்பவர். மற்றவர் கைக்காசைப் போட்டு நாலு பேருக்குச் சோறு போடுபவர். முதலாமவரைத் திட்டுகிறோம், இரண்டாமவரைப் பார்த்துக் கண் கலங்குகிறோம். அதோடு கதை முடிந்துவிடுகிறது.

இந்த இருவரும் பொய் என்று சொல்ல வரவில்லை. 2020இல் மதுரையில் யாசகம் வாங்கிப் பிழைக்கும் ஒரு முதியவர், சேர்ந்த 10,000 ரூபாயை ஆட்சியரிடம் நிவாரண நிதியாகக் கொடுத்தார். ஒருமுறை அல்ல, பலமுறை. 2021 மே மாதம் ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ஜனங்கள் விடிய விடிய நின்றபோது, அதே மருந்தைக் கள்ளச்சந்தையில் பல மடங்கு விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள். இரண்டும் நடந்தவைதான். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் நடந்த மோசமான காரியங்கள் சிலவற்றை, பதுக்கியவர் என்ற அந்த ஒற்றை ஆளின் தலையில் கட்ட முடியாது. அவற்றைச் செய்தவர் பெயர் ‘ஊர்’. நம் கதைகளில் இந்தப் பாத்திரம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

2020 ஏப்ரல் 19 இரவை எடுத்துக்கொள்வோம். சென்னையின் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்துபோனார். கீழ்ப்பாக்கம் டி.பி.சத்திரம் இடுகாட்டில் அடக்கம் செய்ய எதிர்ப்பு வந்தது. உடலை அண்ணா நகர் பக்கம் வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு கூட்டம் கல்லும் கட்டையுமாக வந்து ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது. ஓட்டுநர்களுக்கு ரத்தக்காயம். மனைவியும் மகனும் அங்கிருந்து விலக வேண்டியதாயிற்று. நண்பரான மருத்துவர் பிரதீப் பிறகு போலீஸ் பாதுகாப்போடு, ஓரிரு மருத்துவமனை ஊழியர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தன் கையாலேயே மண்ணைத் தள்ளி நண்பரைப் புதைத்தார். சில நாட்களுக்கு முன்புதான் அம்பத்தூர் மயானத்தில் நெல்லூரைச் சேர்ந்த இன்னொரு மருத்துவரின் உடலுக்கும் இதே எதிர்ப்பு வந்திருந்தது.

அந்தக் கூட்டத்தைச் சுயநலவாதிகள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். கொஞ்சம் நின்று யோசித்தால் கணக்கு உதைக்கிறது. ஊரடங்கு அமலில் இருக்கிறது, வெளியே போனால் தொற்று வரும் என்ற பயமும் ஊரெல்லாம் இருக்கிறது. தன் உயிர் மட்டுமே பெரிது என்று நினைக்கிற ஆள் அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் படுத்திருப்பார். முறைப்படி புதைக்கப்பட்ட உடலிலிருந்து பரவுவதைவிட, தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டத்தில் பரவுவதுதான் எளிது. அந்த ஆபத்துக்குள் அவர்களை இழுத்து வந்தது எது? ‘நம்ம ஏரியா’, ‘நம்ம பிள்ளைங்க’ என்ற எண்ணம்தான். ஊருக்காகத்தான் செய்கிறோம் என்று மனசார நம்பினார்கள். தியாகத்துக்கு உண்டான எல்லா உணர்ச்சியும் அங்கே இருந்தது. செய்த காரியம் மட்டும் கொடூரமானது.

சென்னைக்காரர்களைக் குற்றம் சொல்லிவிட்டு நாங்கள் டெல்டாக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அந்த ஏப்ரலில் தஞ்சாவூர் ஜில்லாவின் உள்கிராமங்களில் போன எவரும் பார்த்திருப்பார்கள்: ஊர் எல்லையில் குறுக்கே போட்ட மூங்கில், அதன்மேல் வேலிக்கருவை முள், ஒரு அட்டையில் ‘வெளியாட்கள் வரக்கூடாது’. வெளியாள் என்றால் யார்? சீனாக்காரனா வரப்போகிறான்? திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சென்னை ஓட்டல்களுக்கும் பிழைக்கப் போன நம்ம ஊர்ப் பையன்கள்தான். மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, அங்கே மூட்டை தூக்கியவர்கள் கொள்ளிடத்துக்கு அக்கரையில் அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று திரும்பிய பிறகு ‘கோயம்பேடு’ என்பதே ஒரு வசவாக மாறியது. “அவன் கோயம்பேட்டு ஆளுப்பா, தள்ளி நில்லு.” ஊரடங்கின் முதல் ஆறு வாரம் ஒரு பெருநகரத்துக்கே காய்கறி கொடுத்துக்கொண்டிருந்த தோள்கள் அவை. அதை யாரும் சொல்லவில்லை.

அதற்கும் முன்னால் டெல்லி மாநாட்டுக்குப் போய்வந்த முஸ்லிம்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அரசின் தினசரி அறிக்கையில் வந்த அந்த ஒரு வரி, நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள் கலந்து வாழும் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் எப்படிப் பேசப்பட்டது என்பது எங்களுக்குத் தெரியும். பின்னர் அரசே ‘ஒரே தொற்று மூலம்’ என்ற சொல்லுக்கு மாறிக்கொண்டது, டீக்கடை மாறவில்லை. அதே வருஷமும் அடுத்த வருஷமும், சொந்தப் பிள்ளைகளே தொடப் பயந்த உடல்களை, மதம் பார்க்காமல் அந்தந்த மத முறைப்படி எரிக்கவும் புதைக்கவும் வந்து நின்றவர்களில் முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். தமுமுக இதைத் தமிழ்நாடு முழுக்கச் செய்தது. ஊர் யாரை வெளியே தள்ளியதோ, அவர்கள்தான் ஊரின் கடைசிக் கடனைச் செய்தார்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கலாம். ‘தள்ளி நில், தொடாதே என்று நம் முன்னோர் சொன்னதெல்லாம் விஞ்ஞானம்’ என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றியது. தீட்டுக்குச் சுகாதாரச் சான்றிதழ்! 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த கீழ்வெண்மணி இருக்கும் மண்ணில், இதை எந்தக் கூச்சமும் இல்லாமல் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். முள்வேலி போட ‘ஊர்’ கூடியபோது சேரியைக் கேட்டுவிட்டா கூடியது? ஊர் என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது 2020இல் புதிதாக எழுந்த கேள்வி அல்ல. கிருமி அதை மறுபடியும் வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

இந்த ஊரை எழுதிக் காட்டிய படைப்பு எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கும்பகோணத்தில் வாழ்ந்த கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’, 1978இல் வந்த நாவல். தொழுநோய் வந்த கணேசன் ஒரு பக்கம், அவனைச் சிறுவயதிலிருந்தே அறிந்த, பணத்தையும் அந்தஸ்தையும் துரத்தும் கிட்டா இன்னொரு பக்கம். நம் கொரோனாக் கதையாசிரியர் ஒருவர் கையில் இந்தக் கரு கிடைத்திருந்தால் கிட்டாவைச் சுயநலத்துக்கும் கணேசனைப் பரிதாபத்துக்கும் பொம்மையாக்கியிருப்பார். கரிச்சான் குஞ்சு அதைச் செய்யவில்லை. நோயாளி புனிதனாகவில்லை, ஆரோக்கியசாலி அரக்கனாகவில்லை. இருவருக்கும் பசி இருக்கிறது. தீர்ப்புச் சொல்வதற்கு எழுத்தாளர் அவசரப்படாததால்தான், நோயைப் பார்க்கும் ஊரின் கண் நமக்குத் தெரிய வருகிறது. 2020க்குப் பிறகு வாசித்தால் இந்த நாவல் இன்னும் உறைக்கிறது.

சரி, சுயநலம், தியாகம் என்ற சொற்களை விட்டுவிட்டு வேறு எப்படிப் பேசுவது? டெல்டாவில் அதற்கு ஒரு பழைய சொல் ஜோடி உண்டு: தலைமடை, கடைமடை. 2020இல், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் தேதி குறுவைக்குத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றுக்கு நடுவில் வந்த நல்ல செய்தி. கல்லணையில் பிரிகிற தண்ணீர் ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று பிரிந்து பேராவூரணி, சேதுபாவாசத்திரம், வேதாரண்யம் பக்கத்துக் கடைசி வயலுக்குப் போய்ச் சேர நாளாகும். சில வருஷம் போய்ச் சேராது. தலைமடைக்காரர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. தன் வயலுக்கு ஒரு சாண் கூடுதலாகத் தண்ணீர் கட்டுகிறார், அவ்வளவே. அது காய வைக்கும் வயல் அவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இல்லை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தில் கரையைக் கடந்த பிறகு இதையே வேறு விதமாகப் பார்த்தோம். நிவாரண லாரிகளை மெயின்ரோட்டு ஊர்களே மறித்து இறக்கிக்கொண்டன. மறித்தவர்களும் வீட்டையும் தென்னையையும் இழந்தவர்கள்தான். அவர்களைத் திருடர் என்றால் வாய் கூசும். ஆனால் உள்ளே, ரோடு முடிகிற இடத்தில் இருந்த குக்கிராமத்துக்கு லாரி வரவில்லை என்பதும் உண்மை. பெருந்தொற்று இந்தக் கணக்கை உடம்புக்குள் கொண்டுவந்தது. இருபத்தைந்து வயதுப் பையன் முகக்கவசம் போடாமல் கல்யாணத்துக்குப் போய்வந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். மூன்று வீடு தள்ளி, சர்க்கரை நோயோடு இருக்கும் ஒரு அத்தைக்கு ஆகும். அவள்தான் கடைமடை. அவன் மனசு நல்லதா கெட்டதா என்ற விசாரணையால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

தண்ணீர் விஷயத்தில் டெல்டா விவசாயிகள் மனசை நம்பி இருக்கவில்லை. முறை வைத்தார்கள். இன்னாருக்கு இன்ன நாள், இத்தனை நேரம். முறை இருந்தால் சாதாரண மனிதன் நியாயமாக நடந்துகொள்கிறான்; இல்லாவிட்டால் அதே மனிதன் ராத்திரியில் மண்வெட்டியோடு போய் மடையை உடைக்கிறான். 2020இல் இதற்குத் துல்லியமான சாட்சி இருக்கிறது. ஏப்ரலில் ரேஷன் கடையில் 1,000 ரூபாய் கொடுத்தபோது டோக்கன், தேதி, நேரம், தரையில் வட்டம். ஜனங்கள் பெரும்பாலும் ஒழுங்காக நின்றார்கள். மே 7ஆம் தேதி டாஸ்மாக் திறந்தபோது பல இடங்களில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்றது. “குடிகாரனுக்கு ஊரைப் பத்தி என்ன கவலை” என்று எழுதினோம். மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றத் தடைக்குப் பின் மே 16 மறுபடி திறந்தபோது ஒரு நாளைக்கு 500 டோக்கன், நாளுக்கு ஒரு நிறம். அதே குடிகாரர்கள் வரிசையில் நின்றார்கள். ஒன்பது நாளில் அவர்கள் மனம் திருந்திவிட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

தஞ்சை மராத்தியர்களின் சத்திரங்களை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். 1801இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் சாலையில் இருந்த சத்திரங்களைப் பற்றியது. வருகிறவர்களுக்கு நள்ளிரவு வரை சோறு; வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியர்; அங்கேயே இறந்துபோனால் அவரவர் சாதி வழக்கப்படி இறுதிச் சடங்கு. இதை ராஜாவின் கருணை என்று பாடுவது நம் வழக்கம். நான் அதன் கணக்குப் புத்தகத்தைத்தான் பார்ப்பேன். நிலமும் அதன் வருமானமும் எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஒரு தனி ஆளின் இரக்கத்தை நம்பி வழிப்போக்கன் இருக்க வேண்டியதில்லை. சாதி வாரியாக நடந்த ஏற்பாடு அது; அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் முகம் தெரியாதவனின் பிணத்துக்கும் அதில் ஒரு இடம் இருந்தது. 2020இல் சைமன் ஹெர்குலிஸின் உடலை முதலில் மறித்த இடத்தின் பெயரிலும் ‘சத்திரம்’ இருக்கிறது.

எல்லாமே ஏற்பாடுதான் என்றால் மருத்துவர் பிரதீப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்றிரவு மாநகராட்சி, இடுகாடு, அக்கம்பக்கம் என்று எல்லா முறையும் கைவிட்ட பிறகு மிச்சமிருந்தது ஒரு மனிதர்தான். அவரைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு தனி மனிதர் அவ்வளவு பெரியவராக நிற்க வேண்டி வந்ததே, அந்த இடத்தில் மற்றதெல்லாம் சரிந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி. கைதட்டிவிட்டுக் கலைகிற கதை இதை மறைத்துவிடுகிறது. அவர் செய்ததில் இன்னொன்றும் உண்டு. ஊருக்காக எதையும் அவர் செய்யவில்லை. ஊர் என்று திரண்டு நின்றவர்களை மீறி ஒரே ஒரு ஆளுக்காகச் செய்தார்.

அந்த வார முடிவில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தொற்று நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை. தேவையான சட்டம். இனி யாராவது மடையை உடைத்தால் பிடிக்கலாம். ஆனால் சட்டம் ஆட்களைத்தான் பிடிக்கும்; கூட்டத்தில் பத்துப் பேர், இருபது பேர். ஊரைப் பிடிக்க அதற்குக் கை கிடையாது.

அதனால்தான் எழுதுகிறவர்களிடம் கேட்கத் தோன்றுகிறது. பதுக்கிய வியாபாரியையும் சோறு போட்ட புண்ணியவானையும் போதுமான அளவு எழுதியாயிற்று. ஊர் எல்லையில் அன்று வேலிக்கருவை முள்ளை வெட்டிக் கொண்டுவந்து போட்ட ஒருவன் இருக்கிறான். நல்லவன். கஜா சமயத்தில் ஓடியாடி மரம் அறுத்து ரோட்டைத் திறந்தவனாகக்கூட இருக்கலாம். ரெண்டு நாள் நடந்தே வந்த சொந்தப் பங்காளி மகன் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று “சித்தப்பா, கொஞ்சம் நகத்துங்க” என்கிறான். இவன் திரும்பி ஊரைப் பார்க்கிறான். அந்தக் கதையை நான் இன்னும் வாசிக்கவில்லை.