கீழூர் வாக்கெடுப்பும் இணங்கவைத்தல் கோட்பாடுகளும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

தொடர்பியல் கல்வியில் 'பெர்சுவேஷன்' என வழங்கும் கருத்தாக்கம் தமிழில் இணங்கவைத்தல், நம்பவைத்தல், ஏற்கச்செய்தல், வயப்படுத்தல் எனப் பலவாறு பெயர்க்கப்படுகிறது. பாடக்குறிப்புகளிலும் ஆய்வேடுகளிலும் இவை பெரும்பாலும் ஒருபொருட் பன்மொழிகளாகவே கையாளப்படுகின்றன. ஆயின் இணங்கியோர் எல்லாம் நம்பியோர் அல்லர். இவ்வேறுபாட்டைக் கைவிட்டுக் கோட்பாடுகளைக் கற்பிக்கும்போது எத்தகைய பிழை நேர்கிறது என்பதைப் புதுவை வரலாற்றின் ஒரு நிகழ்வைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பொருத்திக் காட்டும் ஆய்வு

அரிஸ்டாட்டில் கூறிய பேசுவோர் தகுதி, கேட்போர் உணர்ச்சி, வாதத்தின் தருக்கம் ஆகிய மூன்றையும் திருக்குறளின் சொல்வன்மை அதிகாரத்தில் (65) கண்டு காட்டுவது நம் ஆய்வுலகில் பழகிப்போன முறை. இம்முறையில் கோட்பாடும் சோதிக்கப்படுவதில்லை, இலக்கியமும் புதிதாக விளங்குவதில்லை. அவ்வதிகாரம் அமைச்சியலில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. அங்குப் பேசப்படுவது ஆட்சியோடு தொடர்புடையோரின் சொல். கேட்டாரைப் பிணித்தலோடு கேளாரும் விரும்பப் பேசுதலையும் வள்ளுவர் கூறுகிறார். கேளார் என்பதற்குப் பகைவர் எனப் பொருள் கொண்ட உரையும் உண்டு. எனினும் அவையை விட்டு நீங்கியபின் கேட்டவர் மனம் எந்நிலையில் இருந்தது என்பது அவ்வதிகாரத்தின் வினா அன்று. கார்ல் ஹாவ்லண்டும் அவர்தம் யேல் குழுவினரும் 1950களில் எழுப்பியது அவ்வினாவையே. இரண்டும் ஒன்றெனக் காட்டுவதினும் இவ்வேறுபாட்டைக் காட்டுவதே ஆய்வுக்குப் பயன் தரும்.

170இன் பொருள் யாது?

1954 அக்டோபர் 18 அன்று புதுவைக்கு மேற்கேயுள்ள கீழூரில், பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் சட்டமன்ற, நகரசபை உறுப்பினர்கள் கூடி இந்திய ஒன்றியத்துடன் இணைவது குறித்து வாக்களித்தனர். மொத்தம் 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டமுறையான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது.

இவ்வெண்ணிக்கையை விடுதலைப் பரப்புரையின் வெற்றிக்கு அளவுகோலாகக் கொள்வது எளிது. ஆனால் வாக்களித்தோர் பொதுமக்கள் அல்லர், பிரதிநிதிகள். 1949இல் சந்திரநாகூரில் மக்களிடமே நேரடி வாக்கெடுப்பு நடந்தது. புதுவையில் அது நிகழவில்லை. மேலும், பிரெஞ்சிந்திய சோசலிஸ்ட் கட்சித் தலைவராக இருந்து பிரெஞ்சு ஆட்சியைச் சார்ந்து நின்ற எதுவார் குபேர் முதலியோர் 1954 மார்ச்சில்தான் இணைப்பின் பக்கம் திரும்பினர். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசும் அவர் தலைமையில் அமைந்தது. இத்திருப்பத்தைச் சூழ்ந்திருந்த நிலைமைகள் பல. 1949இல் சுங்க உடன்பாடு முடிவுற்றபின் எல்லையில் வந்த கட்டுப்பாடுகள், இந்தோசீனப் போரில் பிரான்சு கண்ட தோல்வி, தில்லிக்கும் பாரிசுக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தை ஆகியன அவற்றுள் சில. வாக்கெடுப்புக்கு மூன்று நாள் கழித்து, அக்டோபர் 21இல், இரு நாட்டு உடன்பாடு கையெழுத்தானது. ஆகவே கீழூரில் வெளிப்பட்டது மனமாற்றமா, சூழலறிந்த இணக்கமா என்னும் வினா எழுகிறது.

கோட்பாடு தரும் வினா

இங்கு ஹெர்பர்ட் கெல்மன் 1958இல் செய்த பகுப்பு துணைபுரியும். பயனையோ தண்டனையையோ கருதி இணங்குதல், ஒருவரோடு அல்லது ஒரு குழுவோடு தன்னை ஒன்றாகக் கருதி ஏற்றல், தன் விழுமியங்களோடு பொருந்துவதால் அகத்தே கொள்ளுதல் என அவர் மூன்றாகப் பிரித்தார். தமிழில் நாம் கலந்து வழங்கும் சொற்களைப் பிரித்தாளவும் இப்பகுப்பு வழிகாட்டும்.

ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் 1959இல் வெளியிட்ட சோதனையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சலிப்பூட்டும் பணியைச் சுவையானதென்று பிறரிடம் கூற 20 டாலர் பெற்றோரைவிட, 1 டாலர் பெற்றோரே பின்னர் அப்பணியைச் சுவையானதாக மதிப்பிட்டனர். புறக்காரணம் வலுவாக இருக்கும்போது, சொன்னதற்கேற்ப மனத்தை மாற்றிக்கொள்ளும் தேவை குறைகிறது. இதனைக் கீழூருக்கு அப்படியே ஏற்றிக் கூறுவது பிழை; அரசியல் தலைவர்கள் ஆய்வுக்கூட மாணவர்கள் அல்லர். ஆனால் புறநெருக்கடி மிகுந்த இடத்தில் வாக்கை மட்டும் கொண்டு மனத்தை அளக்கலாகாது என்னும் எச்சரிக்கையை இக்கோட்பாடு தருகிறது.

இரு ஓட்டங்கள்

இதனால் இணைப்புக்கு மக்கள் ஆதரவு இல்லை என்றாகாது. வ. சுப்பையா 1934இல் தொடங்கிய 'சுதந்திரம்' இதழ், ஆலைத் தொழிலாளர் இயக்கம், 1936 ஜூலை 30இல் துப்பாக்கிச் சூட்டுக்குப் பன்னிரு தொழிலாளர் பலியானமை, அதன்பின் பெற்ற தொழிலாளர் உரிமைகள் ஆகியவற்றின் வழியே இருபதாண்டுகள் ஓடிய கருத்துருவாக்கம் ஒன்று உண்டு. அது கெல்மன் கூறும் இரண்டாம், மூன்றாம் நிலைகளுக்கு நெருக்கமானது. 1954இல் தலைவர்கள் சில திங்களில் மாறியது வேறோர் ஓட்டம். 170 என்னும் எண் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. நீண்டகாலம் உழைத்தோரின் பங்கும் இறுதியில் வந்து சேர்ந்தோரின் பங்கும் அதனுள் சமமாகத் தோன்றுகின்றன. கோட்பாட்டறிவு இல்லாமையால் விளையும் இழப்பு இதுவே.

பிற்கால நிகழ்வுகளும் இப்பகுப்பை வேண்டுகின்றன. உடன்படிக்கை அளித்த உரிமைப்படி ஒரு பகுதியினர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தனர். புதுவையைத் தமிழ்நாட்டுடன் சேர்க்கும் கருத்து எழுந்தபோது, 1979 ஜனவரியில் இங்குக் கடும் எதிர்ப்பு மூண்டது. இந்தியாவுடன் இணைதலை ஏற்றமை, எல்லா இணைப்பையும் ஏற்றமை ஆகாது என்பதற்கு இது சான்று.

முடிவுரை

காலாப்பட்டில் 1985 முதல் இயங்கும் புதுவைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களில் தொடர்பியல் பயிலும் மாணவருக்குக் கீழூர் தொலைவில் இல்லை. அங்கு ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16இல் கொடியேற்றப்படுகிறது. கோட்பாட்டின் பெயரையும் ஆண்டையும் ஒப்பிப்பதோடு நில்லாமல், அவர்கள் அக்கால இதழ்களையும் நகரசபைத் தீர்மானங்களையும் வாய்மொழி வரலாறுகளையும் முன்வைத்து, யார் இணங்கினர், யார் ஒன்றினர், யார் நம்பினர் எனப் பிரித்தறிய முற்படல் வேண்டும். சான்று கோட்பாட்டுக்கு மாறாக அமையுமாயின் அதனையும் எழுதல் வேண்டும். அந்நிலையில்தான் கோட்பாடு நமக்குக் கருவியாகும். அதுவரை அது பொருத்திக் காட்டும் சட்டகமாகவே எஞ்சும்.