சாபமும் இரண்டு ரூபாயும்

தலையெழுத்தை எழுதுகிறவன் பிரம்மா என்பது நம்மவர் நம்பிக்கை. எரிக் பெர்ன் என்ற மனோதத்துவ வைத்தியர் அந்த எழுத்தாணியைப் பிடுங்கிக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டார். ‘வாட் டு யூ சே ஆஃப்டர் யூ சே ஹலோ?’ என்ற அவருடைய புத்தகம், அவர் காலமாகி இரண்டு வருஷங்களுக்குப் பின், 1972-ல் வெளிவந்தது. பெற்றோர் சொல்லியும் சொல்லாமலும் உணர்த்துவதைக் கொண்டு, சிறு பிராயத்திலேயே குழந்தை தன் வாழ்க்கையை ஒரு நாடகமாகத் தீர்மானித்துக் கொள்கிறது. காதில் விழுந்த கதை ஒன்றை மாதிரியாக வைத்துக்கொள்கிறது. பிறகு ஆயுள் முழுவதும் அதையே நடிக்கிறது என்கிறார். எழுதியது பிரம்மா அல்ல என்பதால் திருத்தியும் எழுதலாம். அதுதான் அவருடைய வைத்தியம்.

படித்து முடித்தபோது எனக்குத் திருச்சுழிதான் ஞாபகம் வந்தது. அருப்புக்கோட்டைக்கும் அதற்கும் இடையே பரந்து கிடக்கும் மானாவாரிச் சீமையில், வாசலுக்கு வந்தவனுக்குச் சோறு இல்லை என்பது பெரும் பாவம். திருச்சுழி வக்கீல் சுந்தரமய்யரின் முன்னோர் ஒருவர் அப்படிச் சொன்னாராம். தலைமுறைக்கு ஒருவன் பிச்சை எடுத்துத் திரிவான் என்று பண்டாரம் சபித்துப் போனாராம். சுந்தரமய்யரின் தகப்பனார் தலைமுறையில் ஒருவர் போனார். பிறகு அவருடைய அண்ணன் போனார். 1896 ஆகஸ்டு 29-ல் அவருடைய இரண்டாவது மகன் வேங்கடராமன், பதினாறு வயதில், மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். உலகம் அறிந்த ரமண மகரிஷி அவர்தான்.

பெர்ன் கேட்கும் சாமான்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன: வீட்டில் வழங்கிய சாபக் கதை, பையன் உருகிப் படித்த பெரிய புராணம், இப்படி இருப்பவனுக்குப் படிப்பு எதற்கு என்ற அண்ணனின் கடிந்துரை. ஆனாலும் கணக்கு உதைக்கிறது. சாபம் ஒருவனைத்தான் கேட்டது. தம்பி நாகசுந்தரமும் பின்னால் காவி உடுத்தி நிரஞ்சனானந்தர் ஆனார். அதே கதையைக் கேட்டு வளர்ந்த அண்ணன் நாகசாமியோ குடும்பத்தோடு இருந்தார்.

இன்னொன்று. அண்ணனுடைய காலேஜுச் சம்பளத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் வேங்கடராமன் ரயிலுக்கென்று மூன்றுதான் எடுத்துக்கொண்டார். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று சீட்டில் எழுதி, இரண்டு ரூபாயை அதனுடன் வைத்துவிட்டுப் போனார். போனதற்குச் சாபம் காரணம் சொல்லலாம். இரண்டு ரூபாய்க்கு எந்தச் சாபம் காரணம் சொல்லும்?

பெர்ன் புத்தகத்தின் குறை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவிலிருந்து திரும்பிப் பார்த்தால் எந்த வாழ்க்கையும் முன்பே எழுதி வைத்ததுபோலத்தான் தெரியும். நாவலாசிரியர்களும் இதே தவறைச் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். கதாபாத்திரத்தை அதன் முடிவுக்குத் தள்ளிக்கொண்டு போகிற அவசரத்தில், அவன் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால் புத்தகத்தை ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. “பெரியப்பனைப் போல இவனும் ஓடிப்போகிறவன்தான்” என்று இன்றும் ஏதோ ஒரு திண்ணையில் யாரோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தத் திண்ணைக்காரர்கள் பெர்னைப் படிக்க வேண்டும். எழுதுகிறவர்கள் அந்த இரண்டு ரூபாயை நினைக்க வேண்டும்.