ஓவர்டைமுக்குப் பதில் விடுப்பு

அமெரிக்காவில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும் என்கிறது 1938-ஆம் ஆண்டுச் சட்டம். தனியார் துறையில் அந்தக் கூலிக்குப் பதிலாக, ஒவ்வொரு ஓவர்டைம் மணிக்கும் ஒன்றரை மணி நேர விடுப்பு தரலாம் என்ற மசோதாவைக் குடியரசுக் கட்சியினர் பலமுறை கொண்டுவந்தார்கள். 2017 மே 2 அன்று பிரதிநிதிகள் சபையில் 229-க்கு 197 வாக்குகளில் நிறைவேறிய அது, செனட்டைத் தாண்டவில்லை.

மசோதாவை அடியோடு ஒதுக்க எனக்கு மனமில்லை. சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பைத் தனியார் ஊழியருக்கு உறுதிசெய்யும் தேசியச் சட்டமே அங்கே கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் தங்கினால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவருக்கு, ஆண்டுக்கு 160 மணி நேரம்வரை சேர்த்துவைக்க முடிவது பெரிய ஆறுதல்தான். எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது என்ற காப்புகளும் இருந்தன.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 16 டாலர் வாங்கும் கிடங்குத் தொழிலாளி ஒருவர் 10 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் 240 டாலர் சம்பளத்தோடு கைக்கு வரும். விடுப்பாக என்றால் 15 மணி நேரம்; மதிப்பு அதே 240 டாலர். ஆனால் விடுப்பு எடுக்கும்வரை அந்தப் பணம் வட்டியில்லாக் கடனாக முதலாளியிடம் கிடக்கும். அதற்குள் நிறுவனம் திவாலானால் பாக்கி கேட்டு வரிசையில் நிற்கவேண்டியவர் தொழிலாளிதான்.

அதைவிடப் பெரிய ஓட்டை, விடுப்புக்கான தேதி. கேட்ட விடுப்பை நியாயமான காலத்துக்குள் தந்தால் போதும். வேலைக்குப் பெரிய இடையூறு வரும் என்றால் மறுக்கலாம். குழந்தையின் அறுவை சிகிச்சை செவ்வாய்க்கிழமை என்றால், அடுத்த மாதம் கிடைக்கும் விடுப்பு எதற்கு? போதாக்குறைக்கு, 80 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்ததை 30 நாள் அறிவிப்போடு முதலாளியே பணமாக்கித் தீர்த்துவிடலாம். நம் ஊர் ஐ.டி. ஊழியர்களுக்கு இது புரியும். "ரிலீஸ் முடியட்டும்" என்று தள்ளிப்போன காம்ப் ஆஃப் (ஈட்டு விடுப்பு) எத்தனை!

மாநில, உள்ளாட்சி அரசு ஊழியர்களுக்கு இந்த ஏற்பாட்டை 1985-இலேயே சட்டம் அனுமதித்துவிட்டது. அங்கே நடந்ததும் கவலை தருகிறது. டெக்சஸின் ஹாரிஸ் கவுண்டி, ஷெரிஃப் அலுவலக ஊழியர்கள் சேர்த்துவைத்த விடுப்பைத் தான் சொல்லும் நேரத்தில் எடுக்கவைத்தது. அதற்குச் சட்டத்தில் தடையில்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளியிடம் இல்லாதவரை இந்த மசோதாவை ஏற்க முடியாது. அந்த உரிமையைத் தந்தாலும், பிள்ளையோடு இருக்க நேரம் வேண்டுமென்றால் முதலில் பிள்ளையை விட்டுக் கூடுதலாக உழைத்துவிட்டு வா என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. கலிஃபோர்னியா 2015-இல் வேறு வழியில் போனது: வழக்கமான 30 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் சம்பளத்துடன் நோய் விடுப்பு. அதற்கு ஓவர்டைம் பார்க்கவேண்டியதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் எடுக்கலாம்.