ஒரு பக்கக் கட்டுரையும் பாதி வாசிப்பும்

1997-ல் 'நேச்சர்' இதழில் ரோலண்ட் வான் ஊர்ஷாட்டும் மேக்ஸ்வெல் ஜோன்ஸும் எழுதிய கட்டுரை ஒரே பக்கம்தான். கை பட்ட பொருளிலிருந்தே டிஎன்ஏ எடுக்கலாம்னு அது காட்டியது. ரத்தம், விந்து என்று தேடிய தடயவியல் சாவி, கைப்பிடி பக்கம் திரும்பியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

ஆனா அதே பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கு: ஒருவரின் டிஎன்ஏ இன்னொருவர் கைக்குத் தாவலாம். இதை யாரும் அவ்வளவா கண்டுக்கல. விளைவு? 2012-ல் கலிஃபோர்னியாவில் கொலையானவரின் நகத்தில் ஒருவரது டிஎன்ஏ கிடைத்தது. அவரோ அந்த இரவு போதையில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இருவரையும் தொட்டது ஒரே ஆம்புலன்ஸ் குழு. அவர் மாதக்கணக்கில் சிறையில் இருந்தார்.

கட்டுரையிலும் குறை உண்டு. எவ்வளவு சுலபமாகத் தாவும் என்பதற்குச் சில சோதனைகளே அதில் இருந்தன. அதை நிரப்பத்தான் ஊர்ஷாட் பிறகு பல ஆண்டுகள் உழைத்தார். 'யாருடையது' என்பதற்கு டிஎன்ஏ பதில் சொல்லும். 'எப்படி வந்தது' என்பதை நாமதான் கேட்கணும்.