இடைவழியில் மானிடர்: அன்னா சேகர்ஸின் ‘திரான்சிற்’ நாவல் பற்றிய ஒரு மதிப்பீடு

மனிதர் இடம்பெயர்தல் மனித வரலாற்றைப் போன்றே பழமை வாய்ந்தது. ஆயின், இடம்பெயரும் மனிதன் தான் இன்னான் என்பதைத் தாள்களால் நிறுவ வேண்டியவனாதல் மிக அண்மைக் காலத்து நிகழ்ச்சியாகும். 1914 இற்கு முன்னர் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியிற் கடவுச்சீட்டின்றிப் பயணஞ் செய்தல் இயல்பான தொன்றாகவே இருந்தது. முதலாம் உலகப்போரின்போது தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட கட்டுப்பாடுகள் போர் முடிந்தபின்னும் நீங்கவில்லை. பேரரசுகள் சிதைந்து புதிய தேசிய அரசுகள் தோன்றியபோது எந்த நாட்டுக்கும் உரியரல்லாத மக்கட்கூட்டமொன்று உருவாயிற்று. அவர்களுள் ஒரு சாராருக்கென 1922 இல் ‘நான்சன் கடவுச்சீட்டு’ வழங்கப்பட்டமை, சிக்கலின் தீர்வாக அன்றி அதன் ஆழத்தை உணர்த்தும் அடையாளமாகவே கொள்ளத்தக்கது.

இந்த வரலாற்று மாற்றம் இலக்கியத்துக்கு ஒரு புதிய வினாவை விடுத்தது. பயணம் என்பது பழைய காவியங்களிலே வீரத்தின் களமாயிருந்தது. நகரவியலாது வரிசையில் நிற்றலே பயணமாகிவிட்ட ஒரு காலத்தை எவ்வாறு கதையாக்குவது? இவ்வினாவுக்கு ஐரோப்பிய இலக்கியம் அளித்த விடைகளுள் ஜேர்மன் எழுத்தாளர் அன்னா சேகர்ஸின் ‘திரான்சிற்’ முதன்மையான ஒன்றெனலாம்.

1900 இல் மைன்ஸ் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த சேகர்ஸ், 1928 இற் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 இற் பிரான்சுக்குத் தப்பிச் சென்றார். 1940 இற் பிரான்சு வீழ்ச்சியுற்றபோது அவருடைய கணவர் லே வேர்னே தடுப்பு முகாமில் இருந்தார். 1941 மார்ச்சில் மார்செய்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய குடும்பம் மெக்சிக்கோவை அடைந்தது. மைன்ஸ் நகரிலேயே தங்க நேர்ந்த தாயார் 1942 இற் போலந்துக்கு நாடுகடத்தப்பட்டு மாண்டார். புகலிட வாழ்வில் எழுதப்பட்ட ‘திரான்சிற்’ 1944 இல் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் முதலில் வெளிவந்து, 1948 இலேயே ஜேர்மன் மொழியில் நூலுருப் பெற்றது. நாவலே தன் தாய்மொழிக்குத் திரும்ப நான்காண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாவலின் கதைசொல்லி நாசி முகாமிலிருந்து தப்பிய இளம் தொழிலாளி. அவனுடைய உண்மைப் பெயர் நூல் முழுவதிலும் சொல்லப்படுவதில்லை. சைட்லர் என்பவனின் தாள்களே அவன் கையில் இருக்கின்றன. ஜேர்மன் படை பாரிஸிற் புகுந்தபோது தற்கொலை செய்துகொண்ட வைடல் என்னும் எழுத்தாளனின் பெட்டியும் தற்செயலாக அவனிடம் வந்து சேர்கின்றது. அதனுள் முடிவுறாத கையெழுத்துப் பிரதியொன்றும், மெக்சிக்கோ விசா காத்திருப்பதை அறிவிக்குங் கடிதமும் உள்ளன. மார்செயிலுள்ள தூதரகம் அவனையே வைடல் என எண்ணிக் கொள்கின்றது. இறந்தவனின் மனைவியான மரீயோ கணவன் உயிருடனிருப்பதாக நம்பி நகரெங்கும் தேடி அலைகின்றாள். கணவன் தூதரகத்துக்கு வந்து சென்றானென அவள் கேள்விப்படுஞ் செய்தி உண்மையில் கதைசொல்லி விட்டுச் சென்ற சுவடேயாகும். இறந்தவனுக்கு விசா உண்டு; உயிருள்ளவனுக்கோ பெயர்தானும் இல்லை. இம் முரண்பாட்டின் மீதே நாவல் கட்டப்பட்டுள்ளது.

இந்நாவலைக் காஃப்காவின் வழிவந்த அபத்த இலக்கியமாகவும், இருத்தலியற் படைப்பாகவும் நோக்குவோர் உளர். அவ்வாறு நோக்குவதற்கு நூலில் இடமில்லாமலில்லை. மார்செயிலே தங்குவதற்கு அனுமதி வேண்டுமாயின், அந்நகரை விட்டுச் செல்லும் எண்ணமுண்டு என்பதை நிறுவ வேண்டும். சென்றடையும் நாட்டின் விசா இருந்தாலே இடைவழி நாட்டின் அனுமதி கிடைக்கும். இவை கைகூடி, பிரான்சிலிருந்து வெளியேறும் அனுமதியும் கிடைப்பதற்குள் முதலிற் பெற்ற விசாவின் காலம் முடிந்துவிடுகின்றது. வெனிசுவேலாவில் வேலை உறுதி பெற்ற முதிய இசைக்குழு நடத்துநர் ஒருவர் இச்சுழலில் மீண்டும் மீண்டும் வீழ்ந்து, தாள்கள் கைகூடும் தறுவாயில் இறந்துபோகிறார். இரண்டு பெரிய நாய்களை வெறுப்புடன் பேணும் பெண்ணொருத்தியும் வருகிறாள். நாய்களின் அமெரிக்க உரிமையாளரே அவளுக்கு உத்தரவாதமளித்தவர். ஆதலால் நாய்களின் உயிரே அவளுடைய விசாவாகின்றது.

எனினும் இவற்றை வாழ்வின் பொதுவான அபத்தம் எனக் கொள்ளுதல் நாவலின் கூர்மையை மழுங்கச் செய்வதாகும். காஃப்காவின் அதிகார பீடம் எவருடையதென்பது தெளிவற்றது. சேகர்ஸின் நாவலிலோ ஒவ்வோர் அலுவலகத்துக்கும் முகவரி உண்டு. ஒவ்வொரு முத்திரைக்கும் ஓர் அரசு உண்டு. 1940 ஜூனிற் கைச்சாத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்தின் 19 ஆம் உறுப்புரை, ஜேர்மனி கோரும் ஜேர்மானியரை ஒப்படைக்கும் கடப்பாட்டைப் பிரான்சு மீது சுமத்தியது. வெளியேறும் அனுமதி அவ்வளவு அரிதாயிருந்தமைக்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. அமெரிக்க விசாவும் ஸ்பானிய இடைப்பயண அனுமதியும் வைத்திருந்த வால்ரர் பெஞ்சமின், பிரெஞ்சு வெளியேறும் அனுமதியின்றி மலைவழியாக எல்லை கடந்து, ஸ்பெயின் திருப்பியனுப்பும் என்ற நிலையில் 1940 செப்ரெம்பரிற் போர்ட்போவில் உயிர் நீத்தார். ஒவ்வோர் அரசும் தன்னளவில் ஒழுங்கான விதியையே பிறப்பித்தது. அவ்விதிகள் யாவும் ஒரு மனிதன்மேல் ஒருங்கே வந்து பொருந்தும்போதே அபத்தம் பிறக்கின்றது. அபத்தத்தை அரசியலின் விளைவாகக் காட்டியதே சேகர்ஸின் தனிச் சாதனையாகும்.

நாவலின் வடிவமும் இதற்கிசைவாக அமைந்துள்ளது. ‘மொன்றியால்’ என்ற கப்பல் மூழ்கிவிட்டதாம் என்ற வதந்தியுடனேயே கதை தொடங்குகின்றது. துறைமுகத்து உணவகமொன்றிற் கதைசொல்லி எதிரில் அமர்ந்திருப்பவருக்குத் தன் கதையைக் கூறுகிறான். அதே மனிதர், அதே உணவகங்கள், அதே வரிசைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவ்விரிப்பு வாசகனைச் சலிப்பூட்டுகிறதெனக் குறை கூறலாம். ஆனால், இந்தச் சலிப்பு அறிந்தே ஆக்கப்பட்டதொன்று. காத்திருப்போரின் காலம் வாசகனின் காலமாகவும் ஆகின்றது.

குறைகளும் இல்லாமலில்லை. மரீ தேடுபவளாகவே வருகிறாள். தேடலுக்கு அப்பால் அவளுக்கென ஒரு மனம் வகுக்கப்படவில்லை. இதனினும் முக்கியமானது முடிவு பற்றிய கேள்வியாகும். எல்லாத் தாள்களும் கைக்கு வந்தபின் கதைசொல்லி கப்பலேறாது, பிரெஞ்சு உழைக்கும் மக்களோடு நின்று அவர்களுடைய இன்பதுன்பங்களிற் பங்குகொள்ளத் துணிகிறான். முற்போக்கு விமர்சகர் போற்றிய இம்முடிவு, கதையின் உள்ளோட்டத்திலிருந்து இயல்பாக எழுகிறதா? பகுதியளவில் ஆம். தாளினாலன்றி மனித உறவினாலே வேர்கொள்ளலாம் என்பதை பினே குடும்பத்தோடு அவன் கொண்ட நட்பு உணர்த்துகின்றது. ஆனால், அவ்வாறு தங்கும் தெரிவு எல்லோருக்கும் வாய்த்ததன்று. 1942 இன் பின் தெற்குப் பிரான்சிலிருந்தும் யூதர் கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். யூதரான சேகர்ஸே கப்பலேறித்தான் உயிர் தப்பினார். எழுதியவர் சென்றார், எழுதப்பட்டவன் தங்கினான். இவ்விடைவெளியை நாவல் நேர்நின்று நோக்கவில்லை.

2018 இல் ஜேர்மன் நெறியாளர் கிறிஸ்ரியன் பெற்சோல்ட் இந்நாவலைத் திரைப்படமாக்கியபோது, கதையை இன்றைய மார்செயிலேயே நிகழச் செய்தார். இக்காலக் காவற்படை உடைகளும் மோட்டார் வாகனங்களும் சூழ, பாத்திரங்கள் 1940 இன் விசாக்களைத் தேடுகின்றனர். நாயகன் நட்புக்கொள்ளும் சிறுவனும் தாயும் வட ஆபிரிக்காவிலிருந்து வந்தோர். ஒரு நாள் அவர்கள் தங்கியிருந்த அறையில் வேறு அகதிகளே காணப்படுகின்றனர். காலங்களைக் கலக்கும் இவ்வுத்தி, எல்லையின் இயக்கம் மாறவில்லை என்பதை ஒரு சொற்பொழிவுமின்றி உணர்த்துகின்றது. ஆயின், அது ஒரு வேறுபாட்டை மறைத்தும் விடுகின்றது. அன்று மக்கள் ஐரோப்பாவிலிருந்து தப்பியோட முயன்றனர்; இன்று ஐரோப்பாவுக்குட் புக முயல்கின்றனர். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை முதலில் ஐரோப்பிய அனுபவத்தை முன்வைத்தே வகுக்கப்பட்டது. அதன் காலவரம்பு 1967 இலேயே நீக்கப்பட்டது. 1985 இன் செங்கன் உடன்பாடு உள்ளெல்லைகளைத் தளர்த்தத் தொடங்கியது. 1990 இன் டப்ளின் உடன்படிக்கையோ, பெரும்பாலும் முதலிற் புகுந்த நாட்டின் மீதே தஞ்சக் கோரிக்கையின் பொறுப்பைச் சுமத்தியது. விசாவற்றோரை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டதால், எல்லையே புறப்படும் நாட்டின் விமான நிலையத்துக்குப் பெயர்ந்தது. வரிசை நீங்கவில்லை; கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு நகர்த்தப்பட்டது.

இவ்விடத்தில் ஆசிரியரின் பிற்கால வாழ்வும் கணக்கிலெடுக்கப்பட வேண்டும். 1947 இல் நாடு திரும்பிய சேகர்ஸ் கிழக்கு பேர்ளினில் வாழ்ந்து, 1952 முதல் 1978 வரை எழுத்தாளர் சங்கத்தின் தலைவராயிருந்தார். 1961 இல் எழுந்த மதில் மக்களின் வெளியேற்றத்தைத் தடுத்தபோது அவர் அவ்வரசுக்கு விசுவாசமாகவே நின்றார். வெளியேறும் அனுமதியின் கொடுமையை அவரளவு அறிந்தோர் சிலரே. ஆகவே இம்மௌனம் எளிதில் மன்னிக்கத்தக்கதன்று. ஆயினும், ஆசிரியரின் மௌனத்தை எதிர்த்துச் சாட்சி சொல்லும் வலிமை அவருடைய நாவலுக்கே உண்டு என்பது நினைக்கத்தக்கது.

சேகர்ஸ் 1983 ஜூன் 1 இல் மறைந்தார். அடுத்த மாதம் இலங்கையில் நிகழ்ந்த வன்செயல்களின் பின் தப்பிச் சென்ற தமிழர் பலர், அவர் வாழ்ந்த கிழக்கு பேர்ளினிலேயே விமானத்தால் இறங்கி, இடைப்பயண அனுமதியோடு மேற்கு பேர்ளினை அடைந்து தஞ்சங் கோரினர். 1985 இல் மேற்கு ஜேர்மனியின் வற்புறுத்தலால் அவ்வழி அவர்களுக்கு அடைக்கப்பட்டது. 2015 இல் கான் விழாவில் உயர்பரிசு பெற்ற ‘தீபன்’ திரைப்படத்தில், இறந்த குடும்பமொன்றின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு அந்நியர் மூவர் பிரான்சை அடைகின்றனர். வைடலின் பெட்டி கை மாறிக்கொண்டேயிருக்கின்றது.

எனவே ‘திரான்சிற்’ ஒரு போர்க்கால ஆவணம் மட்டுமன்று. தாள் மனிதனுக்குச் சான்றாக அமைய வேண்டியிருக்க, மனிதன் தாளுக்குச் சான்றாக அலையும் ஓர் ஒழுங்கை அது இனங்காட்டுகின்றது. அவ்வொழுங்கை விதியென்றோ அபத்தமென்றோ பெயரிட்டு அமைதி காணும் வாசிப்பு, அதனை வகுத்தோரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடும். நாவலை வரலாற்றோடு பொருத்தி வாசிப்பதே வரிசையில் நின்று மாண்டோருக்குச் செய்யும் நீதியாகும்.