ஒன்று விழுந்தால் தாயம் அல்ல

தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு ஒன்று என்ற எண்மீது தனிப் பிரியம் உண்டு. ஒன்று விழுந்தால்தான் காயை இறக்கவே முடியும். விழுந்துவிட்டால் திண்ணையே கத்தும், கூடவே இன்னொரு முறை உருட்டவும் கிடைக்கும். அந்தப் பழக்கதோஷம் என்னைவிட்டுப் போகவில்லை. ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட ஆரம்பித்த இரண்டாம் நாள், இருபது முகப் பகடை திரையில் உருண்டு 1 என்று நின்றபோது, மனத்தின் ஏதோ ஒரு மூலையில் அரைநொடி சந்தோஷம் எட்டிப்பார்த்தது. அடுத்த நொடி ஒரு பாம்பு பாய்ந்து ஒரு சிறுமியைக் கொன்றது.

அவள் பெயர் அரபெல்லா. தலையில் கொம்பும் பின்னால் வாலும் உள்ள டீஃப்லிங் இனத்துப் பிள்ளை. ஊரை இழந்து ஓடிவந்த அகதிக் கூட்டத்தோடு வந்தவள். அடைக்கலம் கிடைத்த தோப்பில் ட்ரூயிட்கள் என்ற இயற்கைப் பூசாரிகள் பூசிக்கும் சிலையைத் திருடி மாட்டிக்கொண்டாள். தோப்பை அப்போதைக்கு ஆள்கிற காகா என்பவள், தன் பாம்பை விட்டு அவளை மிரட்டிக்கொண்டிருக்கிறாள். நாம் நடுவில் புகுந்து பேச வேண்டும். பேச்சு எடுபடுமா என்பதைப் பகடை சொல்லும். என் பேச்சு எடுபடவில்லை. வெளியே அவளுடைய அம்மாவும் அப்பாவும் காத்திருந்தார்கள். அவர்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியிருந்தது.

கை தானாக மெனுவுக்குப் போனது. பழைய சேவ் ஃபைலை லோட் செய்து மறுபடி உருட்டினால் பிள்ளை பிழைத்துவிடுவாள். தோற்றதை அழித்துவிட்டு ஜெயிக்கும்வரை உருட்டுவதை கேமர்கள் சேவ் ஸ்கம்மிங் என்பார்கள். நம் ஊரில் அழுகுணி ஆட்டம். நான் லோட் செய்யவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. மணி இரவு ஒன்றே முக்கால், கையில் வைத்து ஆடும் ஸ்டீம் டெக் கருவியில் சார்ஜ் ஏழு சதவீதம். ஆனால் மறுநாள் எழுந்தபோது அந்தப் பெற்றோரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமாக ஆர்.பி.ஜி. எனப்படும் பாத்திரமேற்று ஆடும் கேம்களை விளையாடுகிறேன், ஒரு தோல்வி மறுநாள் காலைவரை கூடவே வந்தது அரிது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: விழுந்தது விழுந்ததுதான்.

2023 ஆகஸ்டில் வெளிவந்த கேமுக்கு இப்போது ஏன் விமர்சனம் என்று கேட்கலாம். காரணம் கையில் இருக்கும் கருவி. 2025 செப்டம்பரில் ஸ்டீம் டெக்குக்கென்றே தனியாக ஒரு பதிப்பை லேரியன் ஸ்டுடியோஸ் வெளியிட்டது. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து நிறுவனம். அங்கே ஒரே ஒரு பொறியாளர், டெக்கில் இன்னும் நன்றாக ஓட வேண்டும் என்ற ஆசையில் வேலை நேரம் முடிந்த பிறகு தானாக உட்கார்ந்து ஆரம்பித்த வேலை அது என்று நிறுவனத் தலைவர் ஸ்வென் வின்கே பிறகு சொன்னார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அப்டேட் வருவதே அதிசயம்.

டெக்கின் உள்ளே ஓடுவது லினக்ஸ். விண்டோஸுக்காக எழுதிய கேம்கள் புரோட்டான் என்ற மொழிபெயர்ப்பாளரைத் தாண்டித்தான் அதில் ஓடும். பெரும்பாலான கேம்களுக்கு அது போதும். ஆனால் பால்டர்ஸ் கேட் 3 முதல் இரண்டு அங்கங்களில் ஒழுங்காக நடந்துவிட்டு, மூன்றாம் அங்கத்தில் நகரத்துக்குள் நுழைந்ததும் மூச்சு வாங்கும். கடைக்காரன், காவலன், பூனை, பிச்சைக்காரன் என்று சந்து முழுக்க ஆட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சோலி. பழைய பதிப்பில் நகரத்துக்குள் நடப்பது திருவிழாக் கூட்டத்தில் சைக்கிள் ஓட்டுவது போலிருந்தது. புதிய பதிப்பில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. நடுவில் ஆள் குறைந்ததால் ப்ராசசருக்குப் பாரம் குறைந்திருக்கிறது. என் கையில் உள்ள ஓலெட் டெக்கில் காட்டிலும் குகையிலும் நொடிக்கு 30 ஃபிரேம் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. நகரத்தில் இன்னும் இறங்கத்தான் செய்கிறது, ஆனால் முன்பு போல் திக்கவில்லை. இது வேகச் சண்டை கேம் அல்ல. எதிரியும் நாமும் முறை வைத்து அடித்துக்கொள்கிற கேம். 26 ஃபிரேமில் யோசிப்பதற்கும் 60 ஃபிரேமில் யோசிப்பதற்கும் வித்தியாசம் இல்லை.

படம்தான் கொஞ்சம் உறுத்தும். சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்.எஸ்.ஆர். நுட்பத்தால் தலைமுடியின் ஓரங்களில் எறும்பு ஊர்கிறது. 7.4 அங்குலத் திரை என்பதால் பாதி மறைந்துவிடுகிறது; பெரிய டிவியில் இணைத்துவிடாதீர்கள். எழுத்து பொடிசு. கண்ணாடி போட்டவர்கள் முதலில் செட்டிங்ஸில் சப்டைட்டில் அளவைக் கூட்டிவிடவும். தமிழ் சப்டைட்டில் கிடையாது. கேம் 150 ஜிபி இடம் கேட்கும்; 512 ஜிபி டெக்கில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை இதற்கே எழுதிக் கொடுக்க வேண்டும். பேட்டரி எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குமேல் வந்ததில்லை. டெக்கை வால்வ் நிறுவனம் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை என்பதால், வெளியிலிருந்து வரவழைக்கிறவர்கள் வாரண்டியை மறந்துவிட்டு வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு டெக்கை ஏன் பிடிக்கிறது என்றால், மேலே இருக்கும் அந்தச் சின்னப் பட்டன். பாதிச் சண்டையில் அழுத்தி வைத்துவிட்டுப் போகலாம். மறுநாள் அழுத்தினால் ஓங்கிய கோடாலி ஓங்கியபடியே நிற்கும். நூறு மணி நேரம் கேட்கிற கேமை, வேலைக்குப் போகிற ஒருவர் முடிக்க இதைவிட வழியில்லை.

பகடைக்கு வருவோம், விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கேமின் அடித்தளம் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேசையைச் சுற்றி நாலைந்து பேர், ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பகடை உருட்டுகிற ஆட்டம். 1998இல் கனடாவின் பயோவேர் அதை முதல் ‘பால்டர்ஸ் கேட்’ ஆகக் கணினிக்குக் கொண்டுவந்தபோது பகடை உள்ளே ஒளிந்துகொண்டது. கணக்கை மெஷின் போடும், வாள் வீசியதும் பட்டதா தவறியதா என்று நமக்குத் தெரியும். லேரியன் செய்த பெரிய காரியம், பேச்சு வார்த்தையில் அந்தப் பகடையை வெளியே எடுத்துத் திரை நடுவில் வைத்ததுதான். அது உருளும் ஒன்றிரண்டு நொடியில் இதயம் கொஞ்சம் நின்றுவிடும்.

கணக்கு எளிது. இருபது முகம், ஒவ்வொன்றுக்கும் 5 சதவீத வாய்ப்பு. 11 எடுக்க வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி. சூழ்நிலை நமக்குச் சாதகம் என்றால் இரண்டு பகடை உருளும், பெரியதை எடுத்துக்கொள்ளலாம். பாதி வாய்ப்பு முக்கால் ஆகிவிடும். மேலே நம் பாத்திரத்தின் திறமை, மந்திரம், நண்பர் கொடுக்கும் ஆசி எல்லாம் கூடும். எவ்வளவு கூடினாலும் 1 விழுந்தால் தோல்விதான். புத்தக விதியில் இது கிடையாது. அங்கே தாக்குதலுக்கு மட்டும்தான் 1 விழுந்தால் கட்டாயத் தோல்வி. லேரியன் பேச்சுக்கும் சேர்த்துவிட்டது. ஊரிலேயே பெரிய பேச்சாளனும் இருபதில் ஒரு தடவை உளறுவான் என்பது விதி. பட்டிமன்றம் பார்க்கிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

செட்டிங்ஸில் ‘கார்மிக் டைஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரேயடியாகத் தோற்றுக்கொண்டே போகாமல் பகடையைக் கொஞ்சம் தட்டிக்கொடுக்கும் ஏற்பாடு. கர்மவினையை ஆன் ஆஃப் செய்ய ஒரு சுவிட்ச்! நீங்கள் தொடாவிட்டால் அது ஆனில்தான் இருக்கும். முதல் வேலையாக அணைத்துவிடுங்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொன்னால், உங்கள் மூளைக்குள் ஒரு புழுவை விட்டுவிடுகிறார்கள். அது உங்களை ஆக்டபஸ் முக அரக்கனாக மாற்றுவதற்குள் வழி தேட வேண்டும். அதே புழு ஏறியவர்கள் கூட்டாளியாகச் சேர்கிறார்கள். இதற்குமேல் சொன்னால் கெட்டுவிடும். ஒரு யோசனை மட்டும்: விலங்குகளோடு பேசும் மந்திரத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். செத்துக் கிடக்கும் எஜமானன் பக்கத்தில் ஸ்க்ராட்ச் என்ற நாய் காவல் காக்கிறது. அதனிடம் என்ன சொல்வீர்கள் என்பது உங்கள் பாடு.

நடிகர்களைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ரத்தக் காட்டேரி அஸ்டேரியனாக நடித்த நீல் நியூபன், 2023 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது வாங்கினார்; குரல் மட்டுமல்ல, உடலசைவும் அவருடையது. இரண்டாம் அங்கத்து வில்லன் கெத்தரிக், ‘விப்ளாஷ்’ படத்தில் டிரம்ஸ் பையனைப் பிழிந்தெடுத்து ஆஸ்கர் வாங்கிய ஜே.கே. சிம்மன்ஸ். ஆனால் எனக்குப் பிடித்த குரல், கதை சொல்லியாக வரும் அமீலியா டைலருடையது. நாம் சொதப்பும்போது அந்தக் குரலில் தெரியும் மெல்லிய ஏளனம், தாயத்தில் வெட்டுப்படும்போது பாட்டி சிரிக்கும் சிரிப்பு.

சினிமாச் செய்திகளைத் தொடர்கிறவன் என்பதால் ஒரு கவலையையும் இறக்கி வைக்கிறேன். இப்போது எந்த ஆர்.பி.ஜி. ஓடினாலும் அடுத்த கேள்வி, படமா சீரிஸா என்பதுதான். படம் என்பது யாரோ ஒருவருடைய ஒரே ஒரு சேவ் ஃபைல். ‘ஃபாலவுட்’ சீரிஸ் 2024இல் புதிய ஆட்களை வைத்துப் புதுக் கதை சொன்னபோது இந்தச் சிக்கலிலிருந்து தப்பித்தது. இரண்டாம் சீசனில் நியூ வேகஸுக்குப் போனதும் மாட்டிக்கொண்டது: 2010இல் வந்த ‘ஃபாலவுட்: நியூ வேகஸ்’ கேமுக்கு நான்கு பெரிய முடிவுகள், எதை உண்மை என்று சொன்னாலும் மற்ற மூன்று தரப்பும் சண்டைக்கு வரும். இதில் நான் பார்த்தவரை பகடையின் மனத்தைப் புரிந்துகொண்ட படம் ஒன்றுதான்: 2023இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஹானர் அமங் தீவ்ஸ்’. அதில் ஒரு பொறி வைத்த பாலம் வரும். அதைக் கடக்கும் விதிகளை ஒருவன் நீட்டி முழக்கி விளக்கிக்கொண்டிருக்கும்போதே, இன்னொருவன் தெரியாமல் கால் வைத்து மொத்தப் பாலமும் விழுந்துவிடும். படத்தில் எங்கும் பகடை இல்லை, ஆனால் அந்த இடத்தில் யாரோ 1 உருட்டிவிட்டார்கள் என்று பகடை ஆடுகிற எங்களுக்குத் தெரியும். கிறிஸ் பைன் நடித்தும் வசூலில் பெரிதாகச் சாதிக்கவில்லை. வருத்தம்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. மூட்டை முடிச்சுகளைப் பார்க்கும் திரை பெரிய வேதனை. கண்ணில் பட்ட கத்தி, கரண்டி, அழுகிய தக்காளி எல்லாவற்றையும் பொறுக்குகிற என் போன்றவர்களுக்கு டெக்கின் சக்கர மெனுவில் ஒரு மருந்துப் பாட்டிலைத் தேடுவதற்குள் சண்டைச் சூடு ஆறிவிடும். மூன்றாம் அங்கத்தில் கதை நாலு பக்கமும் இழுத்துக்கொண்டு போகிறது. எல்லாவற்றையும்விட, தோல்விக்கு இந்தக் கேம் கொடுக்கும் மரியாதை சீராக இல்லை. அரபெல்லா போன்ற இடங்கள் சில. மற்ற பல இடங்களில் பேச்சு தோற்றால் வாளை உருவு, அவ்வளவுதான். இந்த விஷயத்தில் 2019இல் வந்த ‘டிஸ்கோ எலிசியம்’ ஒரு படி மேல். அதில் இரண்டு ஆறு முகப் பகடை. காற்றாடியில் சுற்றும் கழுத்துப்பட்டையை எட்டி எடுக்கப் போய், நெஞ்சு வலித்து ஆட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் செத்துப்போகலாம். அங்கே தோற்பதற்காகவே உருட்டத் தோன்றும்.

ஒரே சேவ், எல்லோரும் விழுந்தால் கதை முடிந்தது என்கிற ஹானர் மோடை 2023 நவம்பர் கடைசியில் சேர்த்தார்கள். என் விதிக்குப் பொருத்தமானது என்று அதில் இறங்கினேன். நான்காம் லெவலில் எல்லோரும் செத்தோம். மறுபடி இறங்கினேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

எங்கள் வீட்டில் டெக் ஒன்றுதான், ஆட்டம் இரண்டு. தங்கை தனியாக ஒரு கதை நடத்துகிறாள். அவள் அழுகுணி, மறைக்கவும் மாட்டாள். தோப்பில் அந்தச் சிறுமிக்காக ஆறு தடவை லோட் செய்தாள் என்று எனக்குத் தெரியும். ஏழாவதில் பாம்பு விலகிப் போனது. நான் வியாக்கியானம் செய்தேன், அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

போன வாரம் இரவு என் அறைக் கதவைத் தட்டினாள். இரண்டாம் அங்கத்துச் சாபம் பிடித்த இருட்டுக்குள் போயிருந்தாள். நான் இரண்டு முறை கடந்த இடம். இரண்டு முறையும் அங்கே நிழலைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

“அண்ணா, இங்க அரபெல்லா தனியா நிக்கிறா. அம்மா அப்பாவைத் தேடுறாளாம். இவங்க எங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?”

நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தேன். திரையில் கொம்பு வைத்த அந்தப் பெண் பேச ஆரம்பித்திருந்தாள். சார்ஜரைத் தேடி எடுத்து டெக்கில் சொருகினேன்.